நெசவாளர் வென்ற கிண்ணம்

1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் சனிக்கிழமை, லண்டன் மாநகரின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்துக்கான இறுதிப்போட்டி நடைபெற்றது. ஒருபுறம் நின்றவர்கள் ஈட்டன் கல்லூரியின் பழைய மாணவர்கள். ஆங்கில நாட்டை ஆள்வோரை உருவாக்கும் பாடசாலை எனப் பெயர்பெற்றது அக்கல்லூரி. பின்னாளில் கினேர்ட் பிரபு என வழங்கப்பட்ட ஆர்தர் கினேர்ட், வங்கிக் குடும்பமொன்றின் வாரிசு, அவ்வணியில் ஆடினார். மறுபுறம் நின்றவர்கள் வடக்கே லங்காஷயர் மாவட்டத்தின் பருத்தி ஆலை நகரான பிளாக்பேர்ணிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தொழில்களைக் கணக்கெடுத்தால், மூவர் நெசவாளர்; ஒருவர் நூற்பாளர்; ஒருவர் பருத்தி யந்திரம் இயக்குபவர்; ஒருவர் இரும்பு வார்ப்பவர்; ஒருவர் குழாய் பொருத்துபவர்; ஒருவர் படங்களுக்குச் சட்டமிடுபவர்; ஒருவர் லிகிதர்; ஒருவர் பல்வைத்தியரின் உதவியாளர்; ஒருவர் மதுச்சாலை நடத்துபவர்.

ஆட்டம் முடிந்தபோது கிண்ணம் இவர்கள் கைக்கு வந்தது. 1872இல் முதன்முதலாக வழங்கப்பட்ட காலந்தொட்டு அக்கிண்ணம் தென்னிங்கிலாந்துக் கனவான்களின் கழகங்களுக்கு வெளியே சென்றதில்லை. பழைய மாணவர் கழகங்கள், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம், இராணுவப் பொறியியற் படையின் அதிகாரிகள் போன்றோரே அதனைத் தமக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டனர். அன்று முதன்முறையாக அது வடக்கே ஓர் ஆலை நகருக்குச் சென்றது. வென்ற கழகத்தின் பெயர் பிளாக்பேர்ண் ஒலிம்பிக். அதன்பின் ஏழாண்டுகள்கூட நிறைவுறுமுன் அக்கழகமே இல்லாதொழிந்தது.

இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நாம் நோக்குதல் வேண்டும். தொழிலாளர் பிரபுக்களை வென்றனர் என்று பூரித்து நின்றுவிடுவது எளிது. பணம் புகுந்தது, விளையாட்டுக் கெட்டது என்று பெருமூச்சு விடுவதும் எளிது. இரண்டும் வரலாற்றை அரைகுறையாகக் காண்பவை. நெசவாளர் பதினொருவராக ஒரு மைதானத்தில் வந்து நிற்பதற்கு முதலில் அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து வந்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்? பின்னர் அது யார் கைக்குப் போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

*

பிளாக்பேர்ண் நகரத்தின் கதை, யந்திரத் தொழிற் புரட்சியின் கதையேயாகும். நூற்புத் தொழிலை மாற்றியமைத்த 'ஜென்னி' யந்திரத்தை 1760களில் ஆக்கிய ஜேம்ஸ் ஹார்கிறீவ்ஸ் இந்நகரின் அயலிலே வாழ்ந்த நெசவாளர். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளில், வீட்டுத் திண்ணையில் தறி வைத்திருந்த நெசவாளன் ஆலை வாசலில் நிற்கும் கூலியாளாக மாறினான். இம்மாற்றம் அமைதியாக நிகழ்ந்ததன்று. 1826இல் பட்டினியால் வாடிய கைத்தறி நெசவாளர் பிளாக்பேர்ணிலும் அயலூர்களிலும் ஆலைகளுட் புகுந்து விசைத்தறிகளை உடைத்தெறிந்தனர். தறியை உடைப்பதனால் பசி தீராது என்பதைக் கசப்பான அனுபவம் கற்பித்தது. அவர்களின் பிள்ளைகள் சங்கம் அமைத்தனர். 1853இல் முதலாளிமாரோடு பேசி, எத்தகைய துணிக்கு எவ்வளவு கூலி என்று வரையறுக்கும் பொது அட்டவணை ஒன்றைப் பெற்றனர். பிளாக்பேர்ண் அட்டவணை என்னும் பெயரால் அது ஆங்கிலத் தொழிற்சங்க வரலாற்றில் நிலைபெற்றுள்ளது. 1861 முதல் 1865 வரை, அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரவு நின்று ஆலைகள் மூடிக்கிடந்த பஞ்சத்தையும் இம்மக்கள் கடந்தனர். 1881இல் நகரின் சனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்தது. அதிற் பெரும்பகுதி, தறியோசையை நம்பி வாழ்ந்தது.

இத்தகைய நகரில் விளையாட்டுக்கு நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குரியது, அன்று மைதானத்தில் இறங்குதல் தகாது எனக் கருதப்பட்டது. வாரத்தின் ஏனைய ஆறு நாட்களும் ஆலைக்குரியவை. இக்கட்டைத் தளர்த்தியது நெடுங்காலக் கிளர்ச்சி. 1847இல் பத்துமணி நேரச் சட்டம் நிறைவேறியது. 1850இன் சட்டம் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை முடிக்கவேண்டுமென விதித்தது. 1874இன் சட்டம் நெசவாலைகளின் வாரவேலையை 56½ மணி நேரமாகக் குறைத்தது. இச்சட்டங்கள் பெண்களையும் இளவயதினரையும் பாதுகாக்கவென்றே எழுதப்பட்டவை. வளர்ந்த ஆண்களின் வேலைநேரத்தைச் சட்டம் நேரடியாகத் தொடவில்லை. ஆயினும் நெசவாலைகளில் உழைத்தோரிற் பெரும்பாலோர் பெண்களும் இளைஞருமாதலின், அவர்கள் வெளியேறியதும் நீராவி யந்திரத்தை நிறுத்துவதையன்றி முதலாளிக்கு வேறு வழியில்லை. ஆண்களும் உடன் வெளியேறினர். ஆகவே, சனிக்கிழமைப் பிற்பகல் உதைபந்தை எடுத்துக்கொண்டு ஓடிய இளைஞனின் ஓய்வு, அவன் அருகே நின்று தறி இயக்கிய பெண்ணின் பெயரால் பெறப்பட்டது. அப்பெண்ணுக்கோ அப்பிற்பகல் துணி துவைக்கவும் வீடு கழுவவும் மட்டுமே பயன்பட்டது. உதைபந்தாட்ட வரலாறுகள் இவளைக் குறிப்பிடுவதில்லை. நாம் குறிப்பிடாது செல்லுதல் முறையன்று.

கிடைத்த அரைநாளை மக்கள் வீணாக்கவில்லை. 1870களில் லங்காஷயரின் ஒவ்வொரு தேவாலயமும் மதுச்சாலையும் தெருவும் ஓர் அணியைப் பெற்றெடுத்தது. 1875இல் பிளாக்பேர்ண் ரோவர்ஸ் கழகம் தோன்றியது. வசதி மிக்க குடும்பத்துப் பிள்ளைகள், கட்டணப் பாடசாலைகளில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், அதனைத் தொடக்கினர். மூன்றாண்டுகளின் பின், 1878 பெப்ரவரியில், 'பிளாக் ஸ்டார்' என்றும் 'ஜேம்ஸ் ஸ்ட்ரீட்' என்றும் பெயர்கொண்ட இரு சிறு கழகங்கள் ஒன்றிணைந்தன. இரண்டாவது பெயர் ஒரு தெருவின் பெயர் என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் நடைபெற்றுவந்த அகழ்வாராய்ச்சிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அச்செய்தியால் உந்தப்பட்ட பொருளாளர் ஜேம்ஸ் எட்மன்சன், புதிய கழகத்துக்கு 'ஒலிம்பிக்' என்னும் பெயரை முன்மொழிந்தார். ஆலைப் புகைக்கு நடுவே பண்டைக் கிரேக்கத்தைக் கனவு கண்ட மனிதர்கள் அங்கே இருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. பெப்ரவரி 9ஆம் நாள் ஒலிம்பிக் தன் முதலாவது ஆட்டத்தை ஆடி, இரு கோல்களால் வென்றது.

அந்த வசந்தகாலம் நகரின் நினைவில் நிலைத்தது வேறொரு காரணத்தால். வியாபாரம் மந்தமென்று கூறி ஆலை முதலாளிகள் கூலியிற் பத்துவீதத்தைக் குறைக்கத் தீர்மானித்தனர். குறைப்பில் ஒரு பகுதியை ஏற்கின்றோம், அல்லது வேலை நேரத்தையும் குறையுங்கள் என்று சங்கத்தார் முன்வைத்த சமரசத் திட்டங்கள் நிராகரிக்கப்பட்டன. ஏப்ரல் மாதத்தில் வேலைநிறுத்தம் மூண்டு வட லங்காஷயர் முழுவதும் பரவியது. மே நடுப்பகுதியில் பிளாக்பேர்ணில் கலகம் வெடித்தது. முதலாளிகள் சங்கத்தின் தலைவரான கர்னல் ரேன்ஸ்போர்ட் ஜாக்சனின் மாளிகை தீக்கிரையானது. துருப்புக்கள் வந்தன. ஏறத்தாழ ஒன்பது வாரங்களின் பின், பத்துவீதக் குறைப்பை ஏற்றுக்கொண்டு நெசவாளர் தறிக்குத் திரும்பினர்.

ஒலிம்பிக் கழகம் தோன்றி மூன்று மாதங்களில் நிகழ்ந்தது இது. தோற்ற வேலைநிறுத்தத்தின் ஆற்றாமையைத் தொழிலாளர் உதைபந்தாட்டத்தில் மறந்தனர் என்று சிலர் முடிவு கட்டலாம். விளையாட்டு வர்க்க உணர்வை மழுங்கடிக்கும் அபின் என்ற வாதம் நமக்குப் புதிதன்று. ஆயினும் உண்மை அவ்வளவு எளிதானதாக நமக்குத் தோன்றவில்லை. சங்கச் சந்தாவைச் சேர்த்தவர்களும் கழகச் சந்தாவைச் சேர்த்தவர்களும் ஒரே தெருக்களில் வாழ்ந்தனர். கூட்டம் கூட்டல், கணக்கு வைத்தல், தலைவரைத் தேர்தல், வாக்களித்துத் தீர்மானித்தல் ஆகிய பழக்கங்களை அவர்கள் ஓரிடத்திற் கற்று மற்றோரிடத்திற் கையாண்டனர். கூலியிற் பத்துவீதம் பறிபோயிற்று. சனிக்கிழமை அரைநாளோ பறிபோகவில்லை. அதனைச் சட்டம் காத்து நின்றது.

*

ஒலிம்பிக்கின் முதலாண்டுகள் பெரும் ஆரவாரமற்றவை. 1878 வசந்தத்திலேயே லிவ்சி யுனைட்டட் கிண்ணம் என்னும் உள்ளூர்ப் போட்டியில் அது வெற்றிபெற்றது. 1879இல் நிரந்தர மைதானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தது. 'சுவர்த்துவாரம்' எனப் பொருள்படும் பெயருடைய மதுச்சாலை ஒன்றின் அருகே, மேட்டு நிலத்தில், சரிவும் சேறுமாகக் கிடந்த நிலம் அது. மதுச்சாலையின் பெயரே மைதானத்தின் பெயருமாயிற்று. நகரின் மறுபகுதியில் ரோவர்ஸ் கழகமோ 1881இல் லீமிங்டன் வீதி மைதானத்துக்குக் குடிபெயர்ந்து, ஐந்நூறு பவுண் செலவில் பார்வையாளர் மேடையொன்றைக் கட்டியது. ஒரே நகரின் இரு கழகங்களுக்கிடையே இருந்த வேறுபாடு இதில் விளங்கும்.

நுழைவுக் காசையும் சந்தாவையும் கொண்டு மட்டும் கழகம் வளர்ந்திருக்க முடியாது. உள்ளூர் இரும்பு வார்ப்பாலையொன்றின் உரிமையாளரான சிட்னி யேட்ஸ் நூறு பவுண் கொடுத்து உதவினார். அதன் பின்னரும் பணம் கொடுத்துவந்தார். தொழிலாளர் கழகம் தன் சொந்தக் காலில் நின்று வென்றது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆட்டக்காரர் தொழிலாளர், மைதானத்தைச் சூழ நின்றோரும் தொழிலாளர், பணப்பை ஆலை முதலாளி ஒருவருடையது. இம்முரண்பாடு கழகத்தின் பிறப்போடு ஒட்டியது. அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

1880இல் ஒலிம்பிக் முதன்முறையாகச் சங்கக் கிண்ணப் போட்டியில் நுழைந்தது. ஷெபீல்ட் கழகத்திடம் நான்குக்கு ஐந்து என்ற கோல் கணக்கில் முதற் சுற்றிலேயே தோற்றது. அடுத்த ஆண்டும் முதற் சுற்றிலேயே, அயல்நகரான டார்வெனிடம் தோற்றது. இந்த டார்வெனின் கதையைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் பிரச்சினையின் வேர் அங்கேதான் தெளிவாகத் தெரிகின்றது.

1879இல் டார்வென் கழகம் கிண்ணப் போட்டியின் காலிறுதியில் பழைய ஈட்டன் மாணவரைச் சந்தித்தது. ஆட்டம் லண்டனில்; இருநூறு மைலுக்கு அப்பால். ஆலை வேலையை விட்டுப் புகையிரதத்திற் சென்ற டார்வென் அணி, ஒன்றுக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்து, கடைசிப் பகுதியில் நான்கு கோல்களைப் போட்டு ஆட்டத்தைச் சமநிலையாக்கியது. வெற்றி தோல்வியைத் தீர்க்க மேலதிக நேரம் ஆடுவோம் என்று டார்வென் வேண்டியது. ஈட்டன் அணியினர் மறுத்துவிட்டனர். மீண்டும் ஆட வேண்டுமாயின் மீண்டும் லண்டனுக்கே வரவேண்டும். ஊர்மக்கள் ஆலை வாசல்களிலும் தெருக்களிலும் நிதி சேர்த்து அணியை அனுப்பினர். இரண்டாவது ஆட்டமும் சமநிலையில் முடிந்தது. மூன்றாவது முறையும் பயணம் செய்து, களைத்துச் சோர்ந்த அவ்வணி இரண்டுக்கு ஆறு என்று தோற்றது.

இதில் கனவான்கள் எந்த விதியையும் மீறவில்லை. மீற வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் லண்டனில் வாழும் வங்கியாளனுக்கு ஒரு பிற்பகலைச் செலவிடுவது எத்தகையது? டார்வென் நெசவாளனுக்கு இரண்டு நாட்கூலியை இழப்பது எத்தகையது? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. இழந்த கூலிக்கும் செலவுக்கும் மேலாகக் கழகம் எதையும் கொடுத்தால், அவன் 'ஊதியத்துக்கு ஆடுபவன்' ஆகிவிடுவான். சங்க விதிப்படி விலக்கப்படுவான். விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆடவேண்டும் என்ற உயர்ந்த கொள்கை, வருவாய்க்கு வேறு வழியுள்ளவனுக்கு மட்டுமே கட்டுப்படியாவது. பொதுவிதியின் தோற்றத்தில் ஒரு வர்க்கத்தின் வசதி ஒளிந்திருந்தது. அமெச்சூர் என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரித்த பலர் இதனை உணர்ந்தார்களில்லை. உணர்ந்த சிலர் சொன்னார்களில்லை.

வடநாட்டுக் கழகங்கள் இதற்குக் கண்ட வழி, மறைவாகப் பணம் கொடுத்தல். ஸ்கொத்லாந்திலிருந்து கல்தச்சரான பேர்கஸ் சூட்டர் என்ற சிறந்த ஆட்டக்காரர் டார்வெனுக்கு வந்தார். 1880இல் ரோவர்ஸ் கழகத்துக்கு மாறினார். கல் கொத்தும் தொழிலை அவர் விரைவிற் கைவிட்டார் என்பது ஊரறிந்த இரகசியம். ஒலிம்பிக்கும் விதிவிலக்கன்று. இங்கிலாந்துத் தேசிய அணிக்கு ஆடிய ஜாக் ஹன்டர் 1882இல் ஷெபீல்டிலிருந்து வந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தார். மதுச்சாலை நடத்துபவர் என்று நாம் முன்னர் குறித்தவர் இவரே. ஆட்டக்காரனுக்கு மதுச்சாலையொன்றைப் பொறுப்பளிப்பது, கையிற் காசு கொடாமலே வாழ்வளிக்கும் அக்கால உபாயங்களுள் ஒன்று.

*

1882–83 பருவகாலம் ஒலிம்பிக்கின் பொற்காலம். முதற் சுற்றில் அக்றிங்டனை ஆறுக்கு மூன்று என வென்றது. லோவர் ஹவுஸ் அணிக்கு எதிராக எட்டுக் கோல்கள் போட்டது. டார்வென் ராம்ப்ளர்ஸ், சர்ச் ஆகிய அயலூர் அணிகளும், பின்னர் வேல்ஸ் நாட்டின் டிறூயிட்ஸ் அணியும் அதனிடம் தோற்றன. அரையிறுதி மஞ்செஸ்டரில் நடைபெற்றது. எதிரே நின்றவர்கள் 1881இல் கிண்ணத்தை வென்ற பழைய சார்ட்டர்ஹவுஸ் மாணவர்கள். ஒலிம்பிக் நான்கு கோல்கள் போட்டது. எதிரணியினர் ஒன்றும் போடவில்லை.

இறுதிப்போட்டிக்கு முன் நிகழ்ந்தது அக்காலத்துக்குப் புதுமையானது. ஹன்டரின் யோசனைப்படி, யேட்ஸின் பணச்செலவில், அணி முழுவதும் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்று தங்கிப் பயிற்சி பெற்றது. அதிகாலையில் ஒரு குவளை போர்ட் வைனும் இரண்டு பச்சை முட்டையும், பின்னர் கடற்கரை மணலில் நடை, காலையுணவுக்குக் கஞ்சியும் மீனும், நண்பகலில் ஆட்டிறைச்சி, இரவில் சிப்பிகள் என்று அவர்களின் உணவுத் திட்டம் பதிவாகியுள்ளது. இன்றைய உடற்பயிற்சியாளர் இதைக் கண்டு நகைக்கலாம். ஆனால் பஞ்சுத்தூசு நிறைந்த ஆலைக் காற்றைச் சுவாசித்து, நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் ஒரு நெசவாளனுக்கு, நல்ல காற்றும் வயிறார இறைச்சியும் கிடைத்த நாட்கள் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்பகுதியில் இதற்குக் கடுங்கண்டனம் எழுந்தது. ஆட்டத்துக்கென்று பயிற்சி பெறுவது கனவானுக்கு அழகன்று என்றனர். சிறுவயது முதல் பரந்த புல்வெளிகளில் ஆடி, நல்லுணவு உண்டு வளர்ந்தவர்கள், பிறர் சில நாட்கள் அவ்வாறு வாழ்ந்ததைக் குற்றமெனக் கண்டனர்.

இறுதிப்போட்டியைக் காண ஏறத்தாழ எட்டாயிரம்பேர் கூடியிருந்தனர். முற்பாதியில் ஈட்டன் அணியின் குட்ஹார்ட் முதற் கோலைப் போட்டார். பிற்பாதியில், படச்சட்டம் செய்யும் ஆர்தர் மத்தியூஸ் அதனைச் சமன்செய்தார். ஈட்டன் அணியில் ஆர்தர் டன் காயமுற்று வெளியேற, அவ்வணி பத்துப்பேரோடு ஆடவேண்டியதாயிற்று; மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முறை அக்காலத்தில் இல்லை. ஈட்டன் தரப்பின் இத்துரதிர்ஷ்டத்தை மறைத்தல் நேர்மையாகாது. சமநிலையில் ஆட்டம் முடிந்ததும் மேலதிக அரைமணி நேரம் ஆடத் தீர்மானித்தனர். டார்வெனுக்கு மறுக்கப்பட்ட மேலதிக நேரம் பிளாக்பேர்ணுக்குக் கிடைத்தது. நெசவாளர் ஜோன் யேட்ஸ் மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பிய பந்தை, நூற்பாளர் ஜிம்மி கொஸ்ட்லி கோலாக்கினார். இரண்டுக்கு ஒன்று என ஒலிம்பிக் வென்றது.

அந்தக் கோல் பிறந்த விதமும் கவனிக்கத்தக்கது. கனவான்களின் ஆட்டமுறை, பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஊடறுத்து ஓடுவது; தனிவீரனின் திறமையில் நம்பிக்கை வைத்தது. வடநாட்டாரும் ஸ்கொத்லாந்தினரும் பந்தை ஒருவருக்கொருவர் அனுப்பி ஆடும் முறையை வளர்த்தனர். ஒலிம்பிக் அணி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீண்ட தூரம் பந்தைச் செலுத்தி, எதிரணியை ஓடவைத்துக் களைக்கச் செய்தது. ஆலையின் கூட்டுழைப்பே ஆட்டத்தின் கூட்டுமுறையாக மாறிற்று என்று கூற நமக்கும் ஆசைதான். ஆனால் அத்தகைய நேர்க்கோட்டு விளக்கம் ஆய்வுக்கு நில்லாது. இவ்வளவு கூறலாம்: ஒருவர் எங்கே ஓடுவார் என்பதை மற்றவர் அறியவேண்டுமாயின் இருவரும் பலநாள் சேர்ந்து பயிலவேண்டும். ஒரே ஊரில், ஒரே சனிக்கிழமையில், ஒரே சேற்று நிலத்திற் பயின்றவர்களுக்கு அது வாய்த்தது.

வெற்றியோடு திரும்பியவர்களை நகரம் வாத்திய இசையோடு ஊர்வலமாக அழைத்துச் சென்றது. அணித்தலைவரான குழாய்த் தொழிலாளி அல்பர்ட் வார்பேர்ட்டன், கிண்ணத்துக்கு லங்காஷயரில் நல்ல வீடு கிடைத்திருக்கின்றது, இனி அது லண்டனுக்குத் திரும்பாது என்ற கருத்துப்படப் பேசினார். அது லண்டனுக்குத் திரும்பியது 1901இலேதான். அப்போதும் அதை வென்றது தொழில்முறை ஆட்டக்காரர் நிறைந்த ஒரு கழகம். பழைய மாணவர் கழகம் எதுவும் அதன்பின் அக்கிண்ணத்தை வென்றதில்லை.

*

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, நம் பக்கத்திலிருந்தும் நோக்குதல் வேண்டும். பிளாக்பேர்ண் தறிகள் நெய்த துணி யாருக்கு? அதிற் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கு. வேட்டித் துணிகளை நெய்வதில் அந்நகரம் பெயர்பெற்றிருந்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகளின் இடையறாத வற்புறுத்தலின் விளைவாக, பருத்தித் துணிகள்மீது எஞ்சியிருந்த இறக்குமதி வரியை இந்திய அரசாங்கம் 1882இல் நீக்கியது. ஒலிம்பிக் தன் வெற்றிப் பருவத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில். தமிழ்நாட்டிலும் வங்காளத்திலும் கைத்தறி நெசவாளரைச் சீமைத்துணி நெருக்கிய கதை நாம் அறிந்ததே. 1826இல் பிளாக்பேர்ணின் கைத்தறியாளனைப் பட்டினி போட்ட அதே விசைத்தறி, கடல் கடந்து நமது கைத்தறியாளனையும் பட்டினி போட்டது.

ஆகவே, அந்தச் சனிக்கிழமை அரைநாளின் விலையில் ஒரு பகுதி இக்கரையிலும் செலுத்தப்பட்டது. இதற்காகத் தறியருகே நின்று இருமிய தொழிலாளியைப் பகைவனாகக் கருதுவது தவறு. வரியை நீக்கச் செய்தவனும், கூலியிற் பத்துவீதத்தை வெட்டியவனும் ஒரே வர்க்கத்தினன். 1931 செப்டெம்பரில் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்றபோது, அந்நியத்துணி பகிஷ்காரத்தாலும் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர், மூன்று முறை லண்டனுக்குப் பயணம் செய்த அதே டார்வென் நகரில், அவரை ஆரவாரத்தோடு வரவேற்றனர். பெண் தொழிலாளர் சூழ்ந்து நிற்க அவர் நடுவே நிற்கும் புகைப்படம் உலகறிந்தது. இரு கரைகளிலும் உழைத்தோருக்கிடையே இருந்த உறவை அப்படம் கட்டுரைகளைவிடத் தெளிவாகச் சொல்கின்றது.

*

கிண்ணத்தை வென்ற பின் ஒலிம்பிக்கின் வரலாறு சரிவின் வரலாறு. 1884இல் அரையிறுதி வரை சென்று, ஸ்கொத்லாந்தின் குவீன்ஸ் பார்க் கழகத்திடம் ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றது. அதே ஆண்டிலும் அடுத்த ஈராண்டுகளிலும் கிண்ணத்தை வென்றது நகரின் மறு கழகமான ரோவர்ஸ். ஒரு நகரம் இரு பெருங் கழகங்களைத் தாங்க வேண்டியதாயிற்று. பார்வையாளர் வெற்றிபெறும் பக்கத்தை நாடினர்.

இதனிடையே பழைய விவாதம் உச்சத்தை அடைந்தது. 1884இல் பிரெஸ்டன் கழகத்தின் தலைவர் வில்லியம் சடெல், தாம் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கழகம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வடநாட்டுக் கழகங்கள் தனிச் சங்கம் அமைப்போமென அச்சுறுத்தின. 1885 ஜூலையில் இங்கிலாந்துச் சங்கம் பணிந்து, ஊதியம் பெற்று ஆடுதலைச் சில கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. இது தொழிலாளி ஆட்டக்காரனுக்குக் கிடைத்த வெற்றியே. ஊதியம் பெறுவதற்கு அவன் இனி பொய் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஊதியம் சட்டபூர்வமானதும், யாரிடம் அதிகப் பணம் உண்டோ அவரிடம் சிறந்த ஆட்டக்காரர் சென்றனர். ஒலிம்பிக்கில் வளர்ந்த ஜாக் சவுத்வேர்த் 1887இல் ரோவர்ஸுக்குப் போனார். பின்னர் இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

1888இல் பன்னிரு கழகங்கள் சேர்ந்து உதைபந்தாட்ட லீக்கை அமைத்தன. வாரந்தோறும் நிச்சயமான ஆட்டமும், அதனால் நிச்சயமான நுழைவு வருவாயும் வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஒரு நகருக்கு ஒரு கழகம் என்ற முறையில் பிளாக்பேர்ணிலிருந்து ரோவர்ஸ் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கிண்ணத்தை முதன்முதலாக வடக்கே கொண்டுவந்த ஒலிம்பிக் வெளியே நின்றது. 'கொம்பினேஷன்' என்னும் இரண்டாந்தர அமைப்பிற் சேர்ந்து பார்த்தது. அவ்வமைப்பும் ஓராண்டு நிலைக்கவில்லை. இறுதியில், கடன் சுமையால், ஊதியம் பெறும் ஆட்டக்காரர் அனைவரையும் விடுவித்து மீண்டும் அமெச்சூர் கழகமாக வாழக் குழுவினர் தீர்மானித்தனர். அதுவும் கைகூடவில்லை. 1889 செப்டெம்பரில் பிளாக்பேர்ண் ஒலிம்பிக் கலைக்கப்பட்டது. அது வாழ்ந்தது பதினொன்றரை ஆண்டுகள். சரிவும் சேறுமாயிருந்த அந்நிலத்தில் பின்னர் ஒரு கல்லூரி எழுந்தது.

இந்த வரலாற்றின் முரண்பாட்டை இப்போது நாம் தெளிவாகக் காணலாம். நேரத்தை உடையவர்களிடமிருந்து ஆட்டத்தை மீட்பதற்குப் பணம் தேவைப்பட்டது. அப்பணம் தொழிலாளரிடம் இல்லை. வார்ப்பாலை முதலாளியிடம் இருந்தது. அவர் கொடுத்த நூறு பவுண் ஒலிம்பிக்கை உயர்த்தியது. அவரிலும் அதிகம் கொடுக்கக்கூடியவர்கள் எதிர்க்கழகத்தில் இருந்தபோது, அதே நியதி ஒலிம்பிக்கை வீழ்த்தியது. கனவான்களின் தனியுரிமை உடைந்தது. அவ்விடத்தில் மூலதனத்தின் தனியுரிமை அமர்ந்தது. நுழைவுக் காசு கொடுத்து நின்ற பல்லாயிரம் தொழிலாளர் கழகங்களின் உயிராயிருந்தனர், உடைமையாளராகவில்லை.

ஆயினும் இது வெறுந் தோல்வியின் கதை என்று நாம் கொள்ளவில்லை. உழைப்பவனும் திறமையாக விளையாடலாம், விளையாடுவதற்கு அவனுக்கு நேரமும் உணவும் பயிற்சியும் வேண்டும் என்ற உண்மையை 1883இன் அந்தப் பிற்பகல் நிலைநாட்டியது. கழகம் அழிந்தது, சனிக்கிழமைப் பிற்பகல் அழியவில்லை. சட்டத்தினாலும் சங்கத்தினாலும் பெறப்பட்டது எதுவோ அது நிலைத்தது. ஒருவரின் பணப்பையை நம்பிப் பெறப்பட்டது எதுவோ அது அப்பையோடு போயிற்று.

ஒலிம்பிக் தோன்றிச் சரியாக நூறாண்டுகளின் பின், 1978இல், நமது நாட்டின் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் லங்காஷயர் நமக்குத் துணி நெய்தது. இப்பொழுது நமது இளம்பெண்கள் மேனாட்டாருக்கு ஆடை தைக்கின்றனர். அவர்களுக்கும் ஒரு சனிக்கிழமை உண்டு. அது மேலதிக நேர வேலைக்குப் போகின்றதா, அவர்களுக்கே எஞ்சுகின்றதா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. நமது மாணவரின் சனிக்கிழமைகளோ தனியார் வகுப்புக்களில் முடிகின்றன. பாடசாலை மைதானத்தில் புல் வளர்ந்து கிடக்கின்றது. விளையாட்டுத் திறமை குறைந்துவிட்டதென்று கூட்டங்களிற் கவலைப்படும் நாம், முதலில் அவர்களின் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொண்டது யாரென்று விசாரிப்பது நல்லது. பிளாக்பேர்ண் நெசவாளரின் கிண்ணம் அந்த விசாரணையிலிருந்துதான் பிறந்தது.